ரத்தத்தில் டி.என்.எஃப். ஏற்பிகளை அளந்தவர்கள், அளக்கக் கொடுத்தவர்கள்

ஆய்வக ஊழியர், புதுச்சேரி:

முடக்குவாத நோயாளிகளின் சீரத்தில் டி.என்.எஃப். ஏற்பிகளை அளக்கிறேன். அழற்சியைத் தூண்டும் புரதமான டி.என்.எஃப்.பையே அளந்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அது வந்த வேகத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். உயிரணுக்களின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பிகளையோ ஆடம் 17 என்ற நொதி வெட்டி ரத்தத்தில் விடுகிறது. அந்தத் துண்டுகள் நெடுநேரம் நிற்கும். எதிர்ப்பொருட்களைக் கொண்டு அளக்கும் எலைசா சோதனையில் நன்றாகப் பிடிபடும்.

பெருந்தொல்லை, இந்த நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இருக்கும் முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்பொருள்தான். எலைசாவில் ஓர் எதிர்ப்பொருள் ஏற்பியைக் கீழே பிடிக்க, இன்னொன்று மேலே ஒட்டிய பிறகே நிறம் வரவேண்டும். இந்தக் காரணியோ, ஏற்பி இல்லாமலே இரண்டையும் இணைத்துவிடும். கடலூரிலிருந்து வந்த ஒரு மாதிரியில் அளவு நம்ப முடியாத உயரத்தில் இருந்தது. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு எனக் கரைத்துப் பார்த்தோம். மெய்யான ஏற்பி என்றால், கரைத்த மடங்கால் பெருக்கும்போது ஏறக்குறைய அதே எண் வரும். இதில் ஒவ்வொரு படியிலும் சரிந்தது. குறுக்கீட்டைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் சேர்த்து மறுபடி செய்ததும் அளவு இயல்புக்கு இறங்கியது. அந்த முதல் எண் மருத்துவரிடம் போயிருந்தால், தேவையற்ற மருந்தை அந்த அம்மா விழுங்கியிருப்பார். கரைத்துப் பார்க்காமல் எந்த உயர்ந்த அளவையும் அனுப்பாதீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி:

தம்பி, எனக்கும் முடக்குவாதம்தான். ஓர் ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கப் போனபோது, எட்டனர்செப்ட் ஊசி போடுகிறீர்களா என்று செவிலியர் இருமுறை கேட்டார். அந்த மருந்தே இரண்டாம் வகை டி.என்.எஃப். ஏற்பியின் பகுதியை வைத்துச் செய்தது என்றும், உடம்பில் அது இருந்தால் சோதனை மருந்தையும் சேர்த்து எண்ணிவிடக்கூடும் என்றும் பொறுமையாக விளக்கினார். வாராவாரம் போட்டுக்கொள்ளும் ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

சிறுநீரகப் பிரிவு மருத்துவர், புதுச்சேரி:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த ஏற்பிகளை ரத்தத்திலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் மூட்டில் வீக்கம் இல்லாதவருக்கும் அளவு ஏறும். மறுபக்கம், அமெரிக்காவின் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஏற்பிகள் அதிகமாக இருந்த சர்க்கரை நோயாளிகளுக்கே பின்னாளில் சிறுநீரகம் வேகமாகப் பழுதானது. எங்கள் பிரிவுக்கு வரும் சர்க்கரை நோயாளிகளை நினைத்தால் இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆகவே ஆய்வகத் தம்பி, ஏற்பி அளவு எழுதும் தாளிலேயே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் எழுதி அனுப்புங்கள்.