புதுப்பிப்பு: கொத்தமல்லி முளைத்துவிட்டது

மொட்டைமாடித் தொட்டியில் தனியாவைத் தூவி 20 நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை, தூதுவளை விதையும் அப்படியே கிடக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

தனியாவை முழுதாகப் போட்டிருந்தேன். அது ஒற்றை விதை அல்ல, உள்ளே இரண்டு விதைகள் அடங்கிய காய். இம்முறை புதுத் தனியாவைத் துணியில் பரப்பி, பூரிக்கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்தேன். ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து, உச்சி வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றினேன். ஒன்பதாம் நாள் காலையில், வளைந்த வெளிர்த் தண்டுகள் மண்ணை முதுகால் நெம்பிக்கொண்டு நின்றன. சிலவற்றின் நுனியில் ஓடு தொப்பிபோல் ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரம் அங்கேயே குந்தியிருந்தேன் என்று தெரியவில்லை.

திருநீற்றுப்பச்சிலைக்கு இத்தனை பாடு இல்லை. சப்ஜா விதையை ஈரமண்ணின் மேல் தூவினேன், மூடவில்லை. வழுவழுப்பான உறை கட்டி, ஐந்தே நாளில் முளைத்தது.

தூதுவளைதான் சோதிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சிவந்த பழங்களைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி விதைத்ததில் பத்துக்கு இரண்டுதான் தேறின. அவற்றில் இலை பறிக்க மாதக்கணக்காகும். அதுவரை சளி பிடித்தால் ரசத்துக்கு அக்கா வீட்டு வேலிதான். முள் பார்த்துப் பறித்து, நெய்யில் வதக்கிச் சேர்க்கிறோம்.