இரண்டாம் நாள் வைடால் 1:160-ஐ வைத்து டைபாய்டு என்று எழுதுவது சரியா?

செவ்வந்தி_லேப் · காலை 7:12
நேற்று தடுப்பூசித் திரியில் வைகைக்கரை_டாக்டர் போகிற போக்கில் ஒன்று எழுதினார்: "காய்ச்சலின் இரண்டாம் நாளே வைடால் ஓ 1:160 வந்தால் டைபாய்டு உறுதி. அதற்கு மேல் பிளட் கல்ச்சர் கேட்பவர்கள் லேபுக்கு வருமானம் தேடுகிறார்கள்." படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வைடால் என்பது டைபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை; 1:160 என்றால் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, அந்த அளவு நீர்த்த பிறகும் அது தெரிகிறது என்று பொருள். பிளட் கல்ச்சர் என்பது ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்ப்பது. 22 வருஷமாக லேபில் நிற்கிறவள் நான். டைபாய்டு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் தலைகாட்டவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். கிருமியின் உடலுக்கு எதிரான ஓ முதலில், அதன் இழைகளுக்கு எதிரான எச் அதற்கும் பிறகு. அப்படியிருக்க இரண்டாம் நாள் வந்த 160 எந்தக் காய்ச்சலுடையது? டாக்டர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

வைகைக்கரை_டாக்டர் · 7:40
35 வருஷமாக கிளினிக் நடத்துகிறேன் அம்மா. 160 என்றால் 160. கோடை முடிந்து குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிற மாதங்களில் என் வாசலில் வந்து நில்லுங்கள், டைபாய்டு என்றால் என்னவென்று தெரியும். கல்ச்சர் முடிவு வர மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள். அதுவரை கூலி வேலைக்குப் போகிறவனை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? மூன்றாவது வாரத்தில் குடல் ஓட்டையானால் நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்?

செவ்வந்தி_லேப் · 7:58
குடல் ஓட்டை மூன்றாவது வாரத்தில். நான் கேட்டது இரண்டாம் நாள்.

குமரேசன்_கோவில்பட்டி · 8:05
முதலில் அது வைடாலா விடாலா? பிரான்ஸ்காரர் ஃபெர்னான் விடால் 1896-இல் கொண்டுவந்த சோதனை. பெயரையே சரியாக எழுதாதவர்கள் அளவு பற்றிப் பேசுகிறார்கள்.

செவ்வந்தி_லேப் · 8:11
எங்கள் ஊரில் எல்லாரும் வைடால் என்றுதான் சொல்கிறோம் சார். சீட்டிலும் அப்படித்தான் வருகிறது. பெயரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், 160-ஐ நான் பார்க்கிறேன்.

அந்த 160 எப்படி வருகிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? வெள்ளை அட்டையில் வட்டங்கள். ஒன்றில் சீரம் 80 மைக்ரோலிட்டர், அடுத்ததில் 40, அப்புறம் 20, 10, 5. ஒவ்வொன்றிலும் டைபாய்டு கிருமியிலிருந்து செய்த ஆன்டிஜென் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கி, அட்டையை ஒரு நிமிஷம் ஆட்ட வேண்டும். 10 மைக்ரோலிட்டர் வட்டத்தில் மணல் மணலாகத் திரண்டால் 160 என்று எழுதுகிறோம். ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டால் ஓரம் காய்ந்து அதுவும் மணல் மாதிரியே தெரியும். காலை பதினோரு மணிக்கு வாசலில் நாற்பது பேர் நிற்கும்போது அந்த ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் ஆகும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் வேலை செய்தபோது, "சந்தேகமாக இருந்தால் பாசிட்டிவ் எழுது, டாக்டருக்கு அதுதான் பிடிக்கும்" என்று முதலாளி சொல்லியே நான் அங்கிருந்து வந்தேன்.

வைகைக்கரை_டாக்டர் · 8:30
ஆக, லேப்காரர்கள் தப்பாகப் பார்ப்பதற்கும் டாக்டர்தான் குற்றவாளி! நீங்கள் ஒழுங்காக ஆட்டினால் 160, 160-தான். நான் 160-க்கு மருந்து கொடுத்த ஆயிரம் பேரும் எழுந்து நடந்து போனார்கள்.

செவ்வந்தி_லேப் · 8:41
மருந்தே கொடுக்காவிட்டாலும் அதில் பாதிப் பேர் ஐந்தாம் நாள் எழுந்து நடந்திருப்பார்கள். வைரஸ் காய்ச்சல் அப்படித்தான் போகும். உண்மையான டைபாய்டு என்றால் சரியான மருந்து போட்ட பிறகும் ஜுரம் இறங்க ஐந்தாறு நாள் எடுக்கும். இரண்டே ஊசியில் இறங்கிய "டைபாய்டு" எத்தனை உங்கள் ஆயிரத்தில்?

நிலவேம்பு_நேசன் · 8:50
இவ்வளவு சண்டை எதற்கு? நிலவேம்புக் கஷாயம் மூன்று வேளை கொடுங்கள்...

வைகைக்கரை_டாக்டர் · 8:52
தம்பி, டெங்கு திரியில் பப்பாளி இலைச்சாறு என்று வந்தது நீங்கள்தானே? இங்கே வேண்டாம்.

நிலவேம்பு_நேசன் · 8:55
அந்தத் திரியில் பிளேட்லெட் 60,000 என்றதும் உடனே ஏற்றச் சொன்னது நீங்கள். மறுநாள் அந்தப் பதிவை அழித்ததும் நீங்கள். என்னிடம் படம் இருக்கிறது.

வைகைக்கரை_டாக்டர் · 8:57
நான் அழிக்கவில்லை. குழு நிர்வாகி அழித்தார்.

செவ்வந்தி_லேப் · 9:03
டெங்குவை விடுங்கள். ஆனால் ஒன்று, டெங்கு ரத்தத்திலும் வைடால் மேலே போகும். மலேரியாவிலும் போகும். முன்பு ஒரு தடவை டைபாய்டு வந்தவருக்கு வேறு எந்தக் காய்ச்சல் வந்தாலும் பழைய ஆன்டிபாடி கிளம்பும். நம் ஊரில் நோயே இல்லாதவர்களிடம்கூட 80 சாதாரணம். அதனால்தான் ஒரே ரத்தத்தை நம்பாமல், ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பாடமே இருக்கிறது. டாக்டர், 35 வருஷத்தில் இரண்டாவது ரத்தம் எத்தனை பேருக்கு எடுத்தீர்கள்?

வைகைக்கரை_டாக்டர் · 9:15
பத்து நாள் கழித்து எடுக்கும் ரத்தத்தை வைத்து நான் யாருக்கு வைத்தியம் பார்ப்பது? அதற்குள் நோயாளி குணமாகியிருப்பான், இல்லை ஜிஹெச்சில் இருப்பான். உங்கள் கல்ச்சர் மட்டும் என்ன வாழ்கிறது? நூறு டைபாய்டில் நாற்பது முதல் அறுபதைத்தான் பிடிக்கும். என்னிடம் வருகிறவன் ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்பில் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கி நான்கு மாத்திரை முழுங்கிவிட்டு வருகிறான். அவன் ரத்தத்தில் எந்தக் கிருமி வளரும்?

குமரேசன்_கோவில்பட்டி · 9:22
டாக்டர் சொல்வதில் நியாயம் உண்டு. செஃபிக்சிம் 2014-லிருந்து எச்1 அட்டவணையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தக் கடையில் எழுதுகிறார்கள்?

செவ்வந்தி_லேப் · 9:30
கல்ச்சர் பிடிக்காததற்குப் பாதிக் காரணம் ரத்தம் போதாது. பெரியவருக்குப் பத்து மில்லியாவது வேண்டும். இரண்டு மில்லி அனுப்பிவிட்டு "வளரவில்லை" என்றால்? அதையும் முதல் மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டும். எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குங்கள், யார் ஐந்து நாள் காத்திருக்கச் சொன்னது? கல்ச்சர் வளர்ந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதும் சேர்ந்து வரும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு காலத்தில் சர்வரோக நிவாரணி. இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டுக்கு அது கேட்பதில்லை. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு கிளம்பியது. அது கல்ச்சரில் தெரிந்தது. வைடால் அட்டையில் அது தெரியுமா?

இரட்டையர்_அம்மா · 9:48
படித்துக்கொண்டே இருந்தேன், இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மார்கழியில் என் மூத்த மகளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் வைடால் 160. டைபாய்டு என்று சொல்லி ஏழு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. ஜுரம் இறங்கவே இல்லை, எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் அவள் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு. வலி இல்லாததால் அவளுக்கே தெரியவில்லை. ஒரு வகை உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்றார். டாக்ஸிசைக்ளின் கொடுத்து மறுநாள் இரவே ஜுரம் விட்டது. ஏழு நாள் என் பிள்ளையைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடக் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

செவ்வந்தி_லேப் · 9:55
அக்கா, இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன். செஃப்ட்ரியாக்சோன் ஸ்க்ரப் டைஃபஸுக்கு வேலை செய்யாது. 160 என்ற ஒரு எண் வந்ததும் எல்லாரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வைகைக்கரை_டாக்டர் · 10:10
அம்மா, உங்கள் பிள்ளைக்கு நடந்தது வருத்தம்தான். அதற்கும் 160-க்கும் சம்பந்தம் இல்லை. உடம்பைப் பார்க்காதது அந்த டாக்டர் தவறு. நான் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் பார்க்கிறவன். மேலும் நான் பெரும்பாலும் அசித்ரோமைசின் கொடுக்கிறேன், அது டைபாய்டுக்கும் கேட்கும், ஸ்க்ரப் டைஃபஸுக்கும் கேட்கும். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

செவ்வந்தி_லேப் · 10:14
இரண்டுக்கும் கேட்கும் மருந்தைத்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தக் கூலிக்காரரிடம் வைடாலுக்குக் காசு எதற்கு வாங்குகிறீர்கள்? லேபுக்கு வருமானம் தேடுவது யார்?

வைகைக்கரை_டாக்டர் · 10:16
பேச்சை அளந்து பேசுங்கள். கமிஷன் வாங்கிப் பிழைக்கிறவன் இல்லை நான். 2 ரூபாய் ஃபீஸில் ஆரம்பித்தவன்.

செவ்வந்தி_லேப் · 10:17
கமிஷன் என்ற வார்த்தையை நான் எழுதவில்லை. வருமானம் என்று முதலில் எழுதியது நீங்கள்.

குமரேசன்_கோவில்பட்டி · 10:25
இருவரும் தடுப்பூசியை மறந்துவிட்டீர்கள். நேற்று திரி தொடங்கியதே அதற்காக. ஹைதராபாத்தில் தயாராகும் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை 2018-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது, ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். ஆனால் ஊசி போட்ட குழந்தைக்கும் வைடால் பாசிட்டிவ் வருமே, அப்போது?

செவ்வந்தி_லேப் · 10:31
வராது சார். இப்போதைய ஊசி கிருமியின் மேலுறையான வி-ஐயை வைத்துச் செய்தது. வைடால் பார்ப்பது ஓ, எச். அந்தக் காலத்து முழுக்கிருமி ஊசிக்குத்தான் அந்தத் தொல்லை.

குமரேசன்_கோவில்பட்டி · 10:34
நான் படித்தது வேறு. தேடிப் போடுகிறேன்.

இரட்டையர்_அம்மா · 10:50
இந்த வாதம் இருக்கட்டும். என் தம்பி மகனுக்கு ஏழு வயது, இன்று மூன்றாம் நாள் காய்ச்சல், 102. இன்னும் எந்த மருந்தும் தொடங்கவில்லை, பாராசிட்டமால் மட்டும். என்ன செய்வது?

வைகைக்கரை_டாக்டர் · 10:53
பக்கத்தில் உள்ள குழந்தை டாக்டரிடம் இன்றே காட்டுங்கள். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி, டெங்குவுக்கான என்எஸ்1, வைடால் மூன்றும் எடுத்துவிட்டுப் போனால் அவருக்கு வேலை சுலபம்.

செவ்வந்தி_லேப் · 10:54
டாக்டரிடம் இன்றே காட்டுங்கள், அது சரி. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதினால் முதல் டோஸுக்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றாம் நாளில் வைடால் எடுக்காதீர்கள் அக்கா.

வைகைக்கரை_டாக்டர் · 10:55
எடுங்கள். 160 வந்தால் எனக்கு எழுதுங்கள்.