மறு: மெய்நிகர் ஆபத்து என்பதற்கு மாற்றாக ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மெய்நிகர் உலகுக்குள் விளையாடுவோர் ஒருவர்பின் ஒருவராக உண்மையிலேயே இறந்துபோகும் தொழில்நுட்பத் திகில் புதினம் ஒன்றை எழுதிவரும் நான், சென்ற வாரம் இங்கே கேட்டது ஒரே ஒரு சொல்தான். தலையில் அணியும் மெய்நிகர் கருவிக்குள் நிகழ்வது அங்கேயே நின்றுவிடாமல் அணிந்திருப்பவரின் உடலைத் தாக்கிவிடுகிறதே, அந்த நிகழ்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே கேள்வி. வந்த பரிந்துரைகளுள் 'மெய்நிகர் ஆபத்து', 'மெய்நிகர் மரணம்' ஆகியவற்றைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். அவற்றை ஏன் ஏற்க இயலவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு 'மெய்நிகர்' என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதை அசைக்கும் எண்ணம் எனக்கில்லை. நன்னூலின் 367ஆம் நூற்பா அடுக்கும் உவம உருபுகளுள் 'நிகர' என்பதும் ஒன்று. ஆகவே மெய்யைப் போன்றது, ஆனால் மெய்யன்று என்ற பொருள் அச்சொல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. சிக்கல் அது இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடையாகும்போதுதான் எழுகிறது. மெய்நிகர் விசைப்பலகை என்றால் விசைப்பலகை போலத் திரையில் தோன்றுவது. தட்டுவதற்கு அங்கே பலகை ஏதுமில்லை. அதே இலக்கணப்படி மெய்நிகர் ஆபத்து என்பது ஆபத்தாகத் தோன்றி ஆபத்தில்லாமல் போவது. மெய்நிகர் மரணம் என்பது ஆட்டத்தில் செத்து அடுத்த நொடியே எழுந்து நிற்பது. என் கதையில் பிணங்கள் எழுந்திருப்பதில்லை. வாசகரை அச்சுறுத்த வேண்டிய இடத்தில் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொல்லும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நமக்குக் கைகொடுப்பது 'மெய்' என்ற சொல்லின் மற்றொரு பொருள். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐம்பொறிகளை எண்ணும்போது மெய் என்பது உடம்பு. உண்மைக்கும் உடம்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில், பொய்த்தோற்றம் உடம்பைத் தொடும் கதைக்குச் சொல் கிடைக்காமல் போகாது. 'ஏறு' என்ற வினையும் நம்மிடம் இருக்கிறது. நஞ்சு உடம்பில் ஏறுகிறது, போதை தலைக்கேறுகிறது, சொன்னது மண்டையில் ஏறவில்லை என்கிறோம். வெளியிலிருந்து வந்த ஒன்று உள்ளே பரவி வேலை செய்வதையே இவை யாவும் குறிக்கின்றன. எனவே 'மெய்யேறல்' என்பது என் முன்மொழிவு. மெய்நிகர் சூழலில் நிகழும் ஒன்று, அந்தத் தோற்றத்தின் வழியாகவே பயனரின் உடலில் உண்மையான தீங்கை விளைவித்தல் என்று அதற்கு வரையறை தரலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏறு என்பது ஏற்று என்று பிறவினையாகும் வசதி. விளையாடுபவர் தானாகத் தடுமாறி விழுந்து அடிபட்டால் மெய்யேறல். வேறொருவர் திட்டமிட்டு அவரை விழச் செய்தால் மெய்யேற்றல். என் புதினத்தின் காவல் அதிகாரி மூன்று அத்தியாயங்களாகத் தேடுவது இந்த ஒற்றெழுத்து வேறுபாட்டைத்தான்.

'மருள்' என்ற சொல்லே போதுமென்று நம் குழுவின் மூத்த நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பொருளல்லவற்றைப் பொருளென்று உணர்வதே மருள் என்று 351ஆம் குறள் சொல்வதை அவர் எடுத்துக்காட்டியதும், வேறு சொல் தேவையா என்று நானும் ஒருநாள் முழுவதும் தயங்கினேன். ஆனால் மெய்நிகர்த் துறையில் மெல் ஸ்லேட்டர் போன்ற ஆய்வாளர்கள் இரண்டைப் பிரித்துப் பேசுகிறார்கள்: கருவி நம் புலன்களை எவ்வளவு சூழ்ந்துகொள்கிறது என்பது ஒன்று, அதனால் 'நான் அங்கேதான் இருக்கிறேன்' என்று மனம் கொள்ளும் உணர்வு மற்றொன்று. முன்னதற்கு 'அமிழ்த்தல்' என்றும், பின்னதற்கு 'மருள்' என்றும் சொல்வது மிகப் பொருத்தம். ஆனால் மருள் என்பது தீங்கு வரும் வழிகளுள் ஒன்றேயொழிய, தீங்கு அன்று. மருளே இல்லாமலும் உடல் தாக்கப்படலாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிமாறி மின்னியதால், வலிப்பு முதலான பாதிப்புகளுடன் ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் எவரும் தாம் அந்தக் கதைக்குள் இருப்பதாக நம்பியதால் விழவில்லை. மின்னிய ஒளி கண்வழியே மூளைக்குச் சென்றது, அவ்வளவுதான். கண்ணுக்கு இரண்டு விரற்கடை தொலைவில் திரையை மாட்டிக்கொள்ளும் கருவியை எழுதுபவன் இதை விட்டுவிட முடியாது.

மருள் இன்றியமையாத வழியும் உண்டு. தலையணிக் கருவிகளில், அணிந்தவர் சுவரை நெருங்கும்போது வலைக்கோடுகளாகத் தோன்றி எச்சரிக்கும் எல்லை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹேவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினிக்குள் புகுந்த தாக்குநர் அந்த எல்லையை மாற்றிவிட முடியும் என்றும், காட்சியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, அணிந்தவர் அறியாமலேயே அவரைத் தாம் விரும்பும் இடத்துக்கு நடத்திச்செல்ல முடியும் என்றும் செய்துகாட்டினர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மனித ஜாய்ஸ்டிக்'. அந்த இடம் மாடிப்படியின் தலைப்பாக இருந்தால் போதும். குண்டும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம். மெய்யேற்றல் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குழுவின் கருத்தை எதிர்நோக்குகிறேன்.

* * *

மறுமொழி:

ஐயா, வணக்கம். அடைமொழிச் சிக்கலைத் தாங்கள் விளக்கிய பிறகு 'மெய்நிகர் மரணம்' என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் இரண்டு ஐயங்கள் உள்ளன. 'ஏற்றம்' என்றால் விலையேற்றம் போல மிகுதியைக் குறிக்கும் வழக்கு வலுவானது. மெய்யேற்றம் என்று எவரேனும் எழுதிவிட்டால், உண்மைத்தன்மையைக் கூட்டுவது, அதாவது வரைகலையின் தரத்தை உயர்த்துவது என்றே படிப்பவர் கொள்வர். அதற்குப் பதிலாக 'உடற்கசிவு' என்று வைத்தால் என்ன?

இரண்டாவது, வரையறையைப் பற்றியது. மெய்நிகர்த் தலையணிகளைச் செய்த ஆக்குலஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பால்மர் லக்கி 2022 நவம்பரில், ஆட்டத்தில் தோற்றால் அணிந்திருப்பவரையே கொன்றுவிடக்கூடிய, மூன்று வெடிபொருள்கள் பொருத்திய தலையணி ஒன்றைச் செய்திருப்பதாகத் தம் வலைப்பதிவில் எழுதினார். தோல்வித் திரையின் சிவப்பு மின்னலை ஓர் ஒளியுணரி கண்டறிந்து வெடிக்கச் செய்யும் அமைப்பு அது. அலுவலகத்தில் வைக்கும் கலைப்பொருள் என்றும், தாமே அதைப் பயன்படுத்தத் துணியவில்லை என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். இது மெய்யேற்றலா, இல்லையா?

* * *

மறுமொழி:

அம்மா, தங்கள் முதல் ஐயம் நியாயமானது. 'மெய்யேற்றம்' என்ற வடிவத்தை விலக்கிவிடுவோம். மெய்யேறல், மெய்யேற்றல் என்ற இரு தொழிற்பெயர்களும், மெய்யேறிய, மெய்யேற்றிய என்ற எச்சங்களுமே பட்டியலில் இருக்கட்டும். கசிவை ஏற்கத் தயக்கமாக உள்ளது. 'தகவல் கசிவு' என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதுவதால், உடற்கசிவு என்றதும் உடலைப் பற்றிய தகவல் வெளியே போவதாகத்தான் தோன்றும். நமக்கு வேண்டியது எதிர்த்திசை. மருத்துவர்களும் அச்சொல்லை வேறு பொருளில் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

வெடிக்கும் தலையணி என் வரையறைக்கு உள்ளே வராது. அங்கே தோற்றம் ஒரு பொத்தான் மட்டுமே; கொல்வது வெடிமருந்து. அதே ஒளியுணரியைச் சமையலறை அடுப்போடு இணைத்தாலும் இதே வேலையைச் செய்யும். வரையறையில் 'அந்தத் தோற்றத்தின் வழியாகவே' என்ற தொடரை நான் சேர்த்தது இத்தகையவற்றை வெளியே நிறுத்தத்தான். 1965இல் கணினி வரைகலையின் முன்னோடி ஐவன் சதர்லாண்டு, கணினி பருப்பொருளின் இருப்பையே ஆளும் ஓர் அறையைக் கற்பனை செய்து, அங்கே காட்டப்படும் நாற்காலியில் உட்காரலாம் என்றும், காட்டப்படும் தோட்டா உயிரைக் குடிக்கும் என்றும் எழுதினாரே, அது வரையறைக்கு உள்ளே வரும். ஏனெனில் அங்கே தோற்றமும் தோட்டாவும் வேறல்ல. இன்றைய கருவிகளுக்கு அந்த ஆற்றல் இல்லை என்பது சொல்லின் குறையன்று.

எனக்கே இன்னும் தெளியாத ஓர் எல்லை இருக்கிறது. கடுமையான அதிர்ச்சியால் இதயத் தசை தற்காலிகமாகச் சோர்ந்துபோகும் நோய்நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்து, மீனவர்கள் சாக்குக்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் குடுவையின் பெயரை அதற்கு வைத்தனர். மெய்நிகர் பாதாளத்தின் விளிம்பில் நிற்பவருக்கு அச்சத்தால் இது நேர்ந்தால், தாக்கியது காட்சியா, அவருடைய அச்சமா? தொல்காப்பியர் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். மெய்ப்பாடு உள்ளிருந்து மெய்யில் தோன்றுவது, மெய்யேறல் வெளியிலிருந்து மெய்க்குள் நுழைவது. இந்த நேர்வில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. என் ஏழாம் அத்தியாயத்துச் சாவு இப்படிப்பட்டதுதான் என்பதால், குழுவின் முடிவு தெரியும்வரை அந்தப் பிணக்கூறாய்வு அறிக்கையில் அச்சொல்லுக்குரிய இடத்தை வெற்றாக விட்டிருக்கிறேன்.