பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டுப் பராமரிப்பு: மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் அனுபவம்

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் என்றதும் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வரும் மாத்திரைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும், இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி), சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான திரவப் பைகளும் உண்டு. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த என் மாமியாரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்து பல வாரங்கள் கழிந்த பிறகே இது எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர், “வீட்ல படுக்கையா யாராச்சும் இருக்காங்களாக்கா?” என்று எங்கள் வாசலிலும் நின்று கேட்டதால்தான் பெயர் பதிவானது.

பின்னர் வந்த செவிலியர் முதலில் பார்த்தது அத்தையின் குதிகால்களையும் இடுப்பின் பின்பகுதியையும்தான். தோல் சிவந்திருந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், நகர்த்தும்போது இழுக்காமல் விரிப்போடு சேர்த்து இருவர் தூக்க வேண்டும் என்று சொன்னதோடு நில்லாமல், என்னையும் என் கணவரையும் அங்கேயே செய்ய வைத்துப் பார்த்தார். கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க விட வேண்டும் என்பதையும், விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்குப் படுத்தபடி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும் என்பதையும் அவர்தான் விளக்கினார். பராமரிப்பவரையும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒருவராக மதித்து அவர் பேசியது எனக்குப் பெரும் பலமாக இருந்தது.

இயன்முறை மருத்துவர், செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும் என எச்சரித்து, கைக்குக் கீழே தலையணை வைக்கும் முறையையும் அன்றாடப் பயிற்சிகளையும் காட்டினார். அத்தை இப்போது சுவரில் சாய்ந்து தானாக உட்காருகிறார். நடை இன்னும் வரவில்லை.

இத்திட்டத்துக்கு 2024இல் ஐக்கிய நாடுகளின் விருது கிடைத்தபோது மனமார மகிழ்ந்தேன். ஆயினும் எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தனவே தவிர, ஊரில் யாரை அணுகலாம் என ஒரு வரிகூட இல்லை. முதல் சில வாரங்களில்தான் படுக்கைப் புண்ணும் மூட்டு இறுக்கமும் தொடங்குகின்றன என்பதால், அந்த ஒரு வரி மருந்துக்கு நிகரானது என்பதே என் உறுதியான எண்ணம். மருத்துவமனைப் பணியாளர்கள் யாரேனும் இதைப் படித்தால், நோயாளியை அனுப்பும் நாளிலேயே அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இதே நிலையில் இருக்கும் குடும்பத்தினர் யாரும் தன்னார்வலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று, வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கிறார் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கே செல்வது எனத் தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம்.