புரட்டாசியோடு நிறுத்திய இறைச்சியை முழுவதுமாக விட்டுவிடலாமா?

வைகைக்கரை:
புரட்டாசி முடிந்த பின்னும் எனக்குக் கறி உண்ண மனம் வரவில்லை. கோழிக்கடையில் ஒரு கோழியைக் காலைப் பிடித்து வெளியே இழுக்கும்போது மற்றவை கூண்டின் மூலையில் ஒடுங்குவதைப் பார்த்த பிறகு, "நான் கொல்லவில்லை, வாங்கத்தானே செய்கிறேன்" என்று என்னைத் தேற்றிக்கொள்ள இயலவில்லை. ஆனால் எனக்கு இரத்தச்சோகை இருந்தபோது மருத்துவர் ஈரல் உண்ணச் சொன்னார். மேலும், குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டும் நாளில் பந்தியில் அமராவிட்டால் பெரியவர்கள் மனம் வருந்துவார்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி கூற வேண்டுகிறேன்.

தினைப்புலம்:
நான் உணவியல் துறையில் பணிபுரிகிறேன். தாராளமாக விடலாம், ஆனால் முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதித்து, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ஈரலின் இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரை, பயறு, எள் ஆகியவற்றில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது என்பதால், முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிந்துகொள்வதும், சாப்பிட்ட கையோடு காப்பி, தேநீர் குடிக்காமல் இருப்பதும் நல்ல பயன் தரும். பி12 பாலிலும் தயிரிலும் முட்டையிலும் உண்டு, தாவரங்களில் நம்பத்தக்க அளவில் இல்லை. கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்குமாதலால் குறைபாடு தாமதமாகவே வெளிப்படும். பாலையும் விடுவோர் மாத்திரையைத் தவிர்க்கவே கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். நீர்த்த சாம்பார் அதற்குப் போதாது. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, சோயா, தயிர் ஆகியவை அன்றாடம் இலையில் இருக்க வேண்டும்.

சுடர்விளக்கு:
தின்பவர் இல்லையென்றால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் 256ஆம் குறளில் சொல்வதைத்தான் நீங்கள் கோழிக்கடையில் உணர்ந்திருக்கிறீர்கள். அந்த உணர்வை விட்டுவிடாதீர்கள். ஆனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் சைவ உணவு சாதி உயர்வின் அடையாளமாகவும் பயன்படுத்தப்படுகிறது. "சைவம் மட்டும்" என்று சொல்லி வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதை எத்தனையோ குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. கொல்லாமையைப் போதித்த வள்ளலார்தாம் 1867இல் வடலூரில் சாதி பாராமல் சோறிடும் தருமச்சாலையையும் நிறுவினார். கறி உண்பவரைத் தாழ்வாகப் பார்க்கும் எண்ணம் உங்கள் முடிவோடு ஒட்டிக்கொள்ள இடம் தராதீர்கள்.

செம்மண்:
கிடா வெட்டைப் பற்றி: பந்தியைவிட்டு விலகாதீர்கள். எங்கள் குடும்பத்தில் நான் இலை போட்டுப் பரிமாறுவேன், பிறகு அனைவரோடும் அமர்ந்து சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொள்வேன். வேண்டுதலையும் உறவையும் மறுக்கவில்லை என்பது தெரிந்ததும் பெரியவர்கள் வற்புறுத்துவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலும் இருவேறு சமையல் தேவையில்லை. அரைத்த மசாலா கொதித்ததும் பாதியைத் தனியே எடுத்து அதில் காளான் சேர்த்துக்கொள்கிறோம், மீதியில் கறி வேகிறது. பிள்ளைகளை மட்டும் கட்டாயப்படுத்த வேண்டாம், அவர்கள் வளர்ந்தபின் தாமே முடிவு செய்யட்டும்.