கிறிஸ்துமஸ் மாலைக்குப் பழக் காக்டெயில்: காலையில் இனித்தது மாலையில் கசப்பது ஏன்?

நாகர்கோவில் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 25 அன்று மாலை எங்கள் வீட்டில் உறவினர்கள் கூடுவது நெடுநாள் வழக்கம். மாமியார் இருந்தவரை வருகிறவர்களுக்கு வீட்டில் காய்ச்சிய இஞ்சி ஒயினும் அச்சுமுறுக்கும்தான். சென்ற ஆண்டு பிள்ளைகளின் விருப்பத்துக்காக, மது கலவாத பழக் காக்டெயில் ஒன்றை நானே செய்ய முனைந்தேன். அது சரியாக வரவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆராதனைக்குப் புறப்படுமுன் காலை 7 மணிக்கே ஆரஞ்சுகளை உரித்து, சுளைகளைக் கொட்டையோடு மிக்சியில் அடித்து வடிகட்டினேன். அன்னாசிச் சாறும் சர்க்கரையும் சேர்த்து, சோடாவையும் அப்போதே ஊற்றி, பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவில் மூடி வைத்தேன். காலையில் ருசி பார்த்தபோது அருமையாக இருந்த அதே சாறு, மாலை 6 மணிக்கு நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற கசப்போடு இருந்தது. பிள்ளைகளுக்கென்று தனியாகச் செய்த, கஸ்டர்டில் அன்னாசி முதலான பழத்துண்டுகள் போட்ட கிண்ணமும் நீர்த்துப்போய்க் கசந்தது. நாற்பது டம்ளர்களில் குறைந்தது முப்பது அப்படியே திரும்பி வந்திருக்கும்.

இந்த ஆண்டும் நாற்பது பேர் வருகிறார்கள்; அவர்களில் சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் ஆறு பேர். எவ்வளவு சாறு வேண்டும், எதை முன்கூட்டிச் செய்யலாம், எதைக் கடைசிவரை தொடக்கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சமையலறைக்காரன், திருநெல்வேலி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். விடுதிச் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது.

முதலில் கசப்பைப் பார்ப்போம். ஆரஞ்சுச் சுளையின் மேலுள்ள வெள்ளை நாரிலும் கொட்டையிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அதற்குக் கசப்பே கிடையாது. மிக்சியின் கத்தி நாரையும் கொட்டையையும் உடைத்துச் சாற்றோடு கலந்துவிட்டால், சாற்றின் புளிப்பில் அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இந்த மாற்றத்துக்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் காலையில் உங்கள் நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. சூடாக்கினால் இன்னும் விரைவாகக் கசக்கும். ஆகவே கெட்டுவிடுமோ என்று பயந்து ஆரஞ்சுச் சாற்றைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள். பழத்தைக் குறுக்கே வெட்டி, கொட்டைகளைக் கத்தி முனையால் எடுத்துவிட்டு, கையால் பிழியும் கருவியில் மெதுவாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை அழுத்த வேண்டாம், அந்தச் சொட்டில்தான் நார் இறங்குகிறது. பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு பிழியத் தொடங்கினால் போதும். இரண்டு பேர் உட்கார்ந்தால் பத்துக் கிலோவை முடித்துவிடலாம்.

கஸ்டர்டு கசந்ததற்குக் காரணம் வேறு. பச்சை அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துவிடும். நீர்த்ததும் கசந்ததும் அதனால்தான். பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. அன்னாசித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறிய பிறகு கஸ்டர்டில் சேர்த்தால் இந்தத் தொல்லை இராது. டின்னில் வருகிற அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது என்பதால் அதை அப்படியே போடலாம்.

பித்தளை அண்டாவை மறந்துவிடுங்கள். உள்ளே ஈயம் தேய்ந்திருந்தால் புளிப்புச் சாறு உலோகத்தைக் கரைக்கும். அது சுவைக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே சரி.

இனி அளவு. ஒருவருக்கு 200 மில்லி டம்ளரில் ஒன்றரை என்று வைத்தால் நாற்பது பேருக்கு 12 லிட்டர் வேண்டும். நான் போடும் கணக்கு இது: ஆரஞ்சுச் சாறு 4 லிட்டர், அன்னாசிச் சாறு 2 லிட்டர், மாதுளைச் சாறு 1 லிட்டர், எலுமிச்சைச் சாறு 400 மில்லி, சர்க்கரைப் பாகு 1.2 லிட்டர், சோடா 3 லிட்டர். ஐஸ் உருகுவதில் மீதி நிரம்பிவிடும். டிசம்பரில் நாக்பூர் ஆரஞ்சு தாராளமாகக் கிடைக்கும்; 4 லிட்டருக்குப் பத்துக் கிலோ வாங்குங்கள். உங்கள் மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களின் ஊடுபயிராகவே அன்னாசி விளைகிறதே, நல்ல வாசம் வந்த பழமாகப் பார்த்து நான்கைந்து எடுத்தால் சாறு கிடைத்துவிடும். பாகுக்கு 750 கிராம் சர்க்கரையும் 750 மில்லி நீரும் போதும். அதை முதல் நாளே காய்ச்சும்போது, தட்டிய சுக்கு, இரண்டு துண்டு பட்டை, நான்கு கிராம்பு போட்டு, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இப்படிப் பல சாறுகள் கலந்த பானத்துக்கு வழங்கும் ‘பஞ்ச்’ என்ற பெயரே சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், வாசனைப் பொருள் என்ற ஐந்தைக் குறிக்கும் நம் ‘பஞ்ச’ என்ற சொல்லிலிருந்து போனது என்று பலரும் சொல்வார்கள். அந்த ஐந்தில் சாராயத்தை எடுத்துவிட்டால் தொண்டையில் இறங்குகிற காரம் குறைந்து, சாறு வெறும் தித்திப்பாக நின்றுவிடும். அந்த இடத்தைச் சுக்கு நிரப்புகிறது. உங்கள் மாமியாரின் இஞ்சி ஒயினிலும் இதே சூட்சுமம்தான் இருந்திருக்கும்.

முதல் நாள் இரவே பாகும் ஐஸும் தயாராகிவிட வேண்டும். கொதித்து ஆறிய நீரைப் பெரிய டப்பாக்களில் ஊற்றி உறைய வையுங்கள். சிறு ஐஸ் துண்டுகள் பத்து நிமிடத்தில் கரைந்து சாற்றை நீர்க்கச் செய்துவிடும், பெரிய கட்டி மெதுவாகக் கரையும். கடற்கரைப் பக்கத்தில் மீனுக்கு வாங்கும் ஐஸைச் சாற்றில் போடவே கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கூட்டத்தின் அவசரத்தில் யாராவது போய் வாங்கி வருவார்கள். ஆப்பிளையும் கொய்யாவையும் மாலை நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டால் கறுக்காது. வாழைப்பழம் இந்தச் சாற்றுக்கு ஒத்துவராது. மட்டிப்பழத்தின் மணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைக் கஸ்டர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே போடும் சிவப்புச் செர்ரி என்று கடையில் விற்பது பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய்தான். அழகுக்கு நான்கு போதும்.

சோடாவை டம்ளரில் ஊற்றுவதற்குச் சற்று முன்பு, பாத்திரத்தின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். சாறும் சோடாவும் இரண்டுமே சில்லென்று இருந்தால்தான் வாயு நிற்கும். ருசியையும் குளிர்ந்த பிறகே பார்க்க வேண்டும், ஏனென்றால் குளிர்ச்சியில் இனிப்பு மட்டுப்படும். எல்லாம் முடிந்ததும் ஒரு சிட்டிகை உப்பு. எங்காவது கசப்பு எட்டிப்பார்த்தாலும் அது அமுக்கிவிடும்.

தேனி மாவட்டத்துக்காரி எழுதியது:

அக்கா, அண்ணன் சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மாதுளைச் சாறு ஒரு லிட்டர் எடுக்க மூன்று கிலோ பழம் வேண்டியிருக்கும். முத்து உதிர்க்கும் வேலையும் பண்டிகை நாளில் கூடுதல் சுமை. நிறத்துக்காகத்தான் மாதுளை என்றால், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை அதைவிட நன்றாக நிறம் கொடுக்கும், மணமும் கூடும். ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால் டிசம்பரிலும் தட்டுப்பாடு இராது.

ஒரு கிலோ திராட்சையைக் கழுவிக் காம்பு நீக்கி, அரை லிட்டர் நீரில் தோல் வெடிக்கும்வரை மட்டும் வேகவிடுங்கள். பிறகு மத்தால் மெதுவாக மசித்து, துணியில் வடிகட்டுங்கள். மிக்சியில் அடித்தால் கொட்டை உடைந்து துவர்ப்பு இறங்கிவிடும். திராட்சைச் சாறு கொதித்தாலும் ஆரஞ்சைப் போலக் கசக்காது என்பதால் முதல் நாளே செய்து குளிரில் வைத்துவிடலாம். உங்களுக்கு அன்று மாலை ஒரு வேலை குறையும். சோடாவில் பாதியைப் பன்னீர் சோடாவாக மாற்றினால் குழந்தைகள் விடமாட்டார்கள். அதில் இனிப்பு இருப்பதால் பாகைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை எழுதியது:

சகோதரி, சர்க்கரை நோயுள்ள அந்த ஆறு பேருக்கும் இதே சாற்றை "அரை டம்ளர்தானே" என்று நீட்ட வேண்டாம். பழத்தில் இருக்கும் நார்ச்சத்து பிழியும்போது போய்விடுகிறது. எஞ்சுவது விரைவாக இரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை. பாகுக்குப் பதிலாக வெல்லமோ தேனோ போட்டால் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் சரியன்று. எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, உப்பு, ஊறிய சப்ஜா விதை, சோடா இவற்றை வைத்துத் தனியாக ஒரு ஜாடி செய்யுங்கள். அதில் கொய்யாத் துண்டுகளும் நான்கைந்து மாதுளை முத்துகளும் மிதந்தால் பார்வைக்கும் குறைவு தெரியாது. பெரியவர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தது போலவும் இருக்கக் கூடாதல்லவா, அதே டம்ளரிலேயே கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமரத்தங்காய் என்று சிலர் சொல்லும் நட்சத்திரப் பழத்தைக் குறுக்கே அரிந்தால் ஐந்து முனை நட்சத்திரமாக விழும் என்பதால், கிறிஸ்துமஸுக்கு டம்ளர் விளிம்பில் செருக ஆசையாக இருக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்தப் பழம் நஞ்சாகவே முடியும். தீராத விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகக் கூடியது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகமும் சேர்ந்து பழுதுபட்டிருக்கும், சிலருக்கு அது தெரிந்தே இருக்காது. ஆகவே அந்தப் பழத்தை அன்று வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

நாகர்கோவில் வாசகி எழுதியது:

அண்ணனுக்கும் தங்கைக்கும் செவிலியர் அம்மாவுக்கும் மிக்க நன்றி. படித்த கையோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே பையில் வாங்கிய ஆரஞ்சில் இரண்டைக் கையால் பிழிந்து ஒரு டம்ளரிலும், இரண்டைச் சென்ற ஆண்டு போலவே கொட்டையோடு மிக்சியில் அடித்து இன்னொரு டம்ளரிலும் மதியம் 1 மணிக்கு வைத்தேன். 5 மணிக்கு, எது எது என்று சொல்லாமல் மகனிடம் நீட்டினேன். இரண்டாவது டம்ளரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது போன வருஷத்து ஜூஸ்" என்றான்.

மாதுளைக்குப் பதில் பன்னீர் திராட்சை என்று முடிவு செய்துவிட்டேன். திராட்சைச் சாறும் பாகும் ஐஸும் 24 ஆம் தேதி இரவே ஆகிவிடும். பின்கட்டில் நிற்கும் தமரத்தை மரத்தைப் பற்றித்தான் மனம் கொஞ்சம் கனத்தது. போன ஆண்டு அதன் காய்களைத்தான் எல்லா டம்ளர்களிலும் செருகியிருந்தேன், என் பெரியப்பாவின் டம்ளர் உட்பட. நல்லவேளையாக அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். இந்த முறை ஆரஞ்சுத் தோலை நட்சத்திரமாக வெட்டிச் செருகப் போகிறேன்.

பித்தளை அண்டாவை விட மனம் வரவில்லை. சாறு அதில் படாது. ஐஸ் நீர் நிரப்பி, சோடாப் பாட்டில்களை அதற்குள் நிறுத்தி வைப்பதாக ஏற்பாடு.