பௌர்ணமி நிலா கண்ணுக்குத் தாம்பாளம், போனில் பொட்டு: எங்கே தப்பு?

ஊத்தங்கரை அம்மா:
வணக்கம்ங்க. நேத்து பௌர்ணமி, கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறினோம். சிங்காரப்பேட்டை தாண்டினதும் ரோட்டுக்கு எதிர்ல நிலா, செம்மஞ்சளா, தாம்பாளம் கணக்கா. பஸ்ல எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தாங்க. எட்டாவது படிக்கிற என் பொண்ணு பத்து போட்டோ எடுத்தா. எல்லாத்துலயும் சாமை அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொட்டுதான். ராத்திரி பத்து மணிக்கு கிரிவலப் பாதையில நிமிர்ந்து பார்த்தா கண்ணுக்கே நிலா சின்னதாயிடுச்சு. "அதுக்குள்ள தூரமா போயிடுச்சாம்மா?"ன்னு கேக்கறா. போன் புதுசு, லென்ஸும் துடைச்சாச்சு. கோளாறு எதுல?

பாலக்கோடு தம்பி:
அக்கா, போன் நல்லாத்தான் இருக்கு. அடிவானத்துல காத்து அடர்த்தி, பூதக்கண்ணாடி மாதிரி நிலாவைப் பெரிசாக்குது.

தர்மபுரி இயற்பியல் வாத்தியார் (ஓய்வு):
தம்பி, நிறைய பேர் அப்படித்தான் நம்பறாங்க, ஆனா சரியில்லை. காத்து நிலாவைச் சிவப்பாக்கும், மேலும் கீழும் கொஞ்சம் அமுக்கி நீள்வட்டமாக்கும். பெரிசாக்காது. உண்மையில உதிக்கும்போது நிலா, உச்சிக்கு வரும்போது இருக்கறதைவிட நமக்கு ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவு, 6,400 கிலோமீட்டர் கிட்ட, தள்ளி இருக்கு. அதனால சுமார் ஒன்றரை சதவீதம் சின்னதாத்தான் தெரியணும். பெரிசாக் காட்டறது நம்ம மூளை. அடிவானத்து வானத்தைத் தலைக்கு மேல இருக்கற வானத்தைவிட தூரமா நினைக்குது. தூரத்துல இருந்தும் இவ்வளவு தெரியுதேன்னா பெரிய பொருள்தான்னு முடிவு கட்டிடுது. மரமும் மலையும் பக்கத்துல இருந்தா இன்னும் அதிகம். அரிஸ்டாட்டில் காலத்துலயே இதைக் கவனிச்சிருக்காங்க.

என் பேச்சை நம்ப வேண்டாம்மா, குழந்தையையே அளக்கச் சொல்லுங்க. ஒரு அட்டையில, பேப்பர்ல ஓட்டை போடற பஞ்ச் மெஷினால ஓட்டை போடுங்க, 6 மில்லிமீட்டர் இருக்கும். கையை முழுசா நீட்டி, ஒத்தைக் கண்ணால ஓட்டை வழியா பார்க்கட்டும். இன்னிக்கு நிலா நேத்தைவிட முக்கால் மணி நேரம் போல லேட்டா வரும். உதிச்சதும் ஒரு தடவை, பத்து மணிக்கு ஒரு தடவை.

ஓசூர் கல்யாண போட்டோகிராபர்:
போட்டோ கணக்கை நான் சொல்றேன் அக்கா. போன் கேமரா பார்க்கற அகலம் 70 டிகிரி கிட்ட. நிலாவோ அரை டிகிரி. ஒரு படத்துக்குள்ள நூறு நிலாவுக்கு மேல வரிசையா வைக்கலாம், அப்புறம் எப்படித் தாம்பாளம் வரும்? ஜூம் போடுங்க. நிலா மேல விரலை வெச்சு, வெளிச்சத்தைக் கீழே இழுங்க. வெள்ளைப் பொட்டு போய் கறை தெரியும். பஸ்ல வேண்டாம், போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சு எடுங்க.

பெரிசாத் தெரியணும்னா மரத்தை விட்டுப் பின்னால போங்க. 5 மீட்டர் அகலமான மாமரம் 570 மீட்டர் தள்ளி இருந்தா நிலா அளவுதான். அங்கிருந்து ஜூம் பண்ணினா மரமும் நிலாவும் ஒண்ணா நிக்கும். கிட்டப் போனா மரம் மட்டும் வளரும், நிலா அப்படியே இருக்கும்.

ஊத்தங்கரை அம்மா:
பார்த்துட்டோம் சார்! ஏழே காலுக்கு மாந்தோப்புக்கு மேல வந்துச்சு. பெரிசுதான் இருந்தது, ஆனா ஓட்டைக்குள்ள கச்சிதமா அடங்கிடுச்சு. பத்து மணிக்கும் அதே ஓட்டை, அதே அளவு. அவளுக்கு நம்பவே முடியல, அட்டையை மாத்தி மாத்தி எடுத்துப் பார்த்தா. போட்டோவுலயும் கறை வந்துருச்சு, அண்ணாவுக்கு நன்றி. இப்ப சூப்பர் மூனும் கண்ணோட வேலையான்னு கேக்கறா. நம்ம நிலாதான் இருக்கறதுலயே பெரிசான்னும்.

தர்மபுரி இயற்பியல் வாத்தியார்:
சூப்பர் மூன், அதாவது நிலா ரொம்பக் கிட்ட இருக்கும்போது வர்ற பௌர்ணமி, நிஜம்மா. நிலா வர்ற பாதை முட்டை வடிவம். ரொம்பக் கிட்ட வந்தா 3,57,000 கிலோமீட்டர், ரொம்பத் தூரம்னா 4,06,000. ரெண்டு பௌர்ணமிக்கும் அகலத்துல 14 சதவீதம் வித்தியாசம் வரும். ஒரே சீரிஸ்ல வந்த ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் காசைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அவ்வளவுதான். ஒரு மாசம் விட்டுப் பார்க்கறவங்களுக்குக் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

நம்ம நிலா 3,474 கிலோமீட்டர் குறுக்களவு, சூரியக் குடும்பத்து நிலாக்கள்ல அஞ்சாவது இடம். முதல் இடம் வியாழனோட நிலா கானிமீடுக்கு: 5,268. ஆனா அது வியாழனை விட்டுப் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல தள்ளிச் சுத்துது. வியாழன்ல நின்னு பார்க்க முடிஞ்சா, நம்ம நிலாவுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தெரியும். பஞ்ச் ஓட்டை நிரம்பாது. அந்தக் கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைச்சதை 1972-ல காவலூர் வானாய்வகத்துல இருந்து பார்த்துப் பதிவு பண்ணினாங்க, அதுக்கு மெல்லிய காத்து மண்டலம் இருக்கலாம்னு அப்பத்தான் தெரிய வந்தது. காவலூர் உங்களுக்குப் பக்கம்தானே, ஆலங்காயத்துக்கிட்ட. பாப்பா கிட்ட சொல்லுங்க.